ஏழுக்கு எடை குறைவு

பனைக்குடியிருப்பு அங்கன்வாடியில் ஒன்று முதல் பத்து வரையான எண்கள் நேரிலேயே வந்து வேலை பார்த்தன. காலையில் தகரப் பெட்டியைத் திறந்தால் ஒவ்வொன்றாக இறங்கி வரும். குழந்தைகள் அவற்றின் முதுகை விரலால் தடவி வளைவு பழகுவார்கள். உடம்பு முழுக்கப் புளியங்கொட்டை அடுக்குவார்கள். எட்டுக்குக் கூச்சம் அதிகம், கொட்டைகளை உதறிவிடும். ஏழு சாது. பிறவியிலேயே ஒற்றைக்கால் என்பதால் பாண்டி ஆட்டத்துக்கும் அதுதான் தோது.

அந்த ஏழுக்குத் தேர்தல் பணி வந்தது, மூன்று மாதத்துக்கு. தேர்தல் பணியிலிருந்து யார்தான் தப்ப முடியும்? பிலோமினா டீச்சர் கையெழுத்துப் போட்டு அனுப்பிவைத்தார். குழந்தைகள் ஆறிலிருந்து எட்டுக்குத் தாவப் பழகிக்கொண்டார்கள்.

அதே வாரம் சுற்றறிக்கை வந்தது. பத்துக் குழந்தைகளுக்குக் குறைந்தால் மையத்தை மூடி, நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்க மையத்தோடு சேர்த்துவிடுவார்களாம். பிலோமினாவிடம் இருந்தது ஒன்பது. பத்தாவது பிள்ளை பெற்றோரோடு திருப்பூர் போய்விட்டான். லாரிகள் பறக்கும் அந்தச் சாலையை ஒன்பது பொடிசுகளும் தினமும் கடக்க வேண்டிவரும்.

சூப்பர்வைசர் வந்தார். மையத்தில் இருக்கும் எண்களைக் கொண்டுதான் எண்ண வேண்டும் என்பது விதி. குழந்தைகளை வரிசையாக நிறுத்தி, ஆளுக்கொரு எண்ணின் கையைப் பிடிக்கச் சொன்னார். ஆறுக்கு அடுத்து எட்டு. கடைசிக் குழந்தை பத்தின் கையைப் பிடித்திருந்தது.

"பத்து. சரியா இருக்கு" என்று எழுதிவிட்டு, டீ குடித்துவிட்டுப் போனார்.

தேர்தல் முடிந்து, கறுத்து இளைத்து ஏழு திரும்பியது. பிலோமினாவுக்குப் பாசமும் பயமும் ஒன்றாக வந்தன. ஏழு தன் இடத்தில் நின்றால் கடைசிக் குழந்தையின் கையில் ஒன்பதுதான் இருக்கும். மறுநாளே சூப்பர்வைசர் வருகிறார். ஆனாலும் வாசலில் நிற்பதைப் பார்த்துப் போ என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

சமையல் பார்க்கும் சண்முகக்கனி அக்கா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார். "என்ன டீச்சர் யோசிக்கீய? திருப்பூர் போன பயல் தட்டு சும்மாதான கெடக்கு. இதப் பிள்ளையா சேத்துருவோம்."

சேர்த்தார்கள். மறுநாள் ஆறு குழந்தைகளுக்குப் பிறகு ஏழு நின்றது, தன் கையைத் தானே பிடித்துக்கொண்டு. அடுத்த மூன்று குழந்தைகள் எட்டு, ஒன்பது, பத்தோடு நின்றார்கள். யாருக்கும் குறையில்லை.

"புதுப் பையனா? நம்பரெல்லாம் தெரியுமா?" என்று கேட்டார் சூப்பர்வைசர்.

"ஏழு நல்லாத் தெரியும் மேடம். மத்தது பழகிக்கிட்டு இருக்கான்" என்றார் பிலோமினா.

எடை மெஷினில் ஏற்றிப் பார்த்தார்கள். எடை குறைவு. தினம் கூடுதலாக ஒரு முட்டை என்று சூப்பர்வைசர் எழுதிக்கொடுத்தார்.

ஜூனில், வயது நிரம்பிய பிள்ளை என்று ஏழு பெரிய பள்ளிக்குப் போனது. மையத்தில் மறுபடி ஒன்பது குழந்தைகள். கடைசிக் குழந்தை பத்தின் கையைப் பிடித்துக்கொண்டது.

ஆகஸ்டில் பள்ளியிலிருந்து பிலோமினாவை வரச் சொன்னார்கள். சேர்க்கைப் படிவத்தில் அம்மா என்ற இடத்தில் அவர் கையெழுத்துதான் இருந்தது.

"பிள்ளை தங்கம்" என்றார் ஒன்றாம் வகுப்பு டீச்சர். "தமிழ், பாட்டு எல்லாம் நல்லா வருது. கணக்குலதான் ரொம்ப மந்தம்."

வீட்டில் சொல்லிக்கொடுப்பதாகச் சொல்லிவிட்டு பிலோமினா வெளியே வந்தார். ஏழு பையை மாட்டிக்கொண்டு காத்து நின்றது. நெடுஞ்சாலையைக் கடக்கும்போது அதன் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். போகிற வழியில் இருவரும் ஒரு படி புளியங்கொட்டை வாங்கினார்கள்.