கிரீஸ் துடைக்கும் மதியம்

இடுக்கி முனையில் அந்தச் சின்ன ஸ்பிரிங்கைப் பிடித்து ஸ்பிரிட்டில் முக்கி எடுக்கிறேன், கிரீஸ் பால் மாதிரி கரைந்து இறங்குகிறது, இது கீபோர்டின் நாற்பத்தொன்றாவது சுவிட்ச், ஒவ்வொரு கீக்கும் அடியில் ஒன்று, இன்னும் நாற்பத்தாறு இருக்கிறது, ஒவ்வொன்றையும் பிரித்தால் நான்கு துண்டு, மேல்மூடி, கீழ்க்கூடு, ஸ்பிரிங், நடுவில் ஏறி இறங்கும் தண்டு, நான்கையும் தனித்தனியாக இட்லித் தட்டின் குழிகளில் போட்டு வைத்திருக்கிறேன், இட்லித் தட்டை எடுத்ததற்கு என் மனைவி தெய்வானை திட்டக்கூட இல்லை. மூன்று வாரத்துக்கு முன்னால் இதே மேஜையில், இதே இடுக்கியோடு, இந்த எண்பத்தேழு சுவிட்சையும் பிரித்து உள்ளே கிரீஸ் தடவியவனும் நான்தான், அப்போது விசிலடித்துக்கொண்டு செய்தேன், பெரிய மேதை மாதிரி. வருகிற புதன்கிழமை ஸ்டூடியோவுக்குப் போன் செய்து இனிமேல் என்னால் முடியாது, வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அவள் சொல்லப்போகிறாள், இன்று திங்கள், ஜன்னலில் மதிய வெயில், ஸ்பிரிட் வாசனை ஏற ஏற இது எங்கள் ஹாலா ஆஸ்பத்திரி வார்டா என்று ஒரு கணம் குழம்புகிறது, நர்ஸ் அவள் புறங்கையைத் துடைத்து நரம்பைத் தேடுகிறாள், நான் வேறு பக்கம் பார்க்கிறேன், இல்லை, கையில் இருப்பது ஸ்பிரிங்.

அவள் வேலையே வாயைப் பார்ப்பதுதான். இந்தி சீரியலுக்குத் தமிழ் வசனம் எழுதுகிறாள், இருபத்திரண்டு வருஷமாக, சாலிகிராமத்தில் ஒரு டப்பிங் ஸ்டூடியோவுக்கு, திரையில் ஒரு மாமியார் வாயைத் திறந்தால் எவ்வளவு நேரம் திறக்கிறாள், எந்த இடத்தில் உதட்டை மூடுகிறாள், மூடுகிற இடத்துக்கு ஒரு ‘ப’வையோ ‘ம’வையோ கொண்டுவந்து உட்கார வைக்க வேண்டும், அதனால் அவள் கண் அந்த உதட்டை விட்டு நகராது, கூடவே இவள் உதடும் அசையும், விரல்கள் கீழே அதுபாட்டுக்கு ஓடும், அவள் பழகிய தமிழ் விசைப்பலகையில் உயிரெழுத்துகள் இடக்கைக்கு, மற்றவை பெரும்பாலும் வலக்கைக்கு, இரண்டு கையும் மாறி மாறி விழும்போது ஒரு நடை இருக்கும், அந்த நடையை வைத்தே அடுத்த அறையிலிருந்து என்னால் சொல்லிவிட முடியும், இப்போது சண்டைக் காட்சி, இப்போது யாரோ சாகக் கிடக்கிறார்கள், இப்போது வேலைக்காரி தமாஷ் பண்ணுகிறாள். இதெல்லாம் பிற்பாடு வந்த ஞானம். கல்யாணமான புதிதில் கோடம்பாக்கத்தில் ஒற்றை அறை, நானே பாகம் பாகமாகச் சேர்த்துப் பூட்டிக் கொடுத்த கம்ப்யூட்டர், அதற்கு மஞ்சள் பாரித்த ஒரு பழைய கீபோர்டு, ஜல்லி உடைப்பது மாதிரி சத்தம் போடும், எனக்கு டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் இரவு டூட்டி, அங்கே ஏசி மெஷின் உறுமுகிற உறுமலில் நாற்காலியிலேயே கண்ணயர்ந்துவிடுவேன், வீட்டுக்கு வந்தால் துரைக்குப் பெண்டாட்டி தட்டுகிற சத்தத்தில் தூக்கம் வராதாம், ஒருநாள் பாயில் எழுந்து உட்கார்ந்து கத்தினேன், அந்தச் சனியன நிறுத்தித் தொலையேன், மனுஷன் தூங்க வேணாமா. அவள் கம்ப்யூட்டரை அணைத்தாள், மறுநாள் பார்த்தால் கீபோர்டுக்கு அடியில் ஒரு துண்டை நாலாக மடித்துப் போட்டிருந்தாள், அதற்கும் நான் புரண்டு புரண்டு படுத்துக் காட்டினேன், பிறகு சத்தமே நின்றுவிட்டது, நானும் நிம்மதியாகத் தூங்கினேன், எப்படி நின்றது என்று கேட்கக்கூடத் தோன்றவில்லை. பல வருஷம் கழித்து ஸ்டூடியோ மேனேஜர் சேவியர் ஒரு கல்யாணப் பந்தியில் சிரித்துக்கொண்டே சொன்னார், மேடம் அப்பல்லாம் எங்க மாடிப்படியில உக்காந்து நோட்டுல எழுதுவாங்க சார், நீங்க டூட்டிக்குப் போனப்புறம்தான் வீட்டுக்குப் போயி டைப் அடிப்பாங்க, ஒரு வருஷம் இருக்கும். நான் இலையை மூடினேன். பக்கத்தில் அவள் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டு, அதையெல்லாம் எதுக்குச் சொல்லிக்கிட்டு, என்றாள்.

போன சித்திரையில் மார்பில் கட்டி, ஆபரேஷன், பிறகு கீமோ ஆறு தடவை, எட்டு மாதம் இந்த வீட்டில் மிக்ஸியைத் தவிர எதுவும் சத்தம் போடவில்லை, நான் பகலில் படுத்து அந்த அமைதியைக் கேட்டுக்கொண்டிருப்பேன், காது அடைத்துக்கொண்ட மாதிரி இருக்கும். முடி திரும்ப வந்தது, பசி வந்தது, விரல் நுனியில் மட்டும் உணர்ச்சி வரவில்லை, மருந்து அப்படித்தான் செய்யும், வருஷம் ஆகலாம், வராமலும் போகலாம் என்றார் டாக்டர், சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொள்ள என்னைக் கூப்பிடும்போது அவளுக்கு முகம் சுருங்கும். சேவியர் காத்திருந்தார், இரண்டு எபிசோட் அனுப்புறேன் மேடம், மெதுவா பண்ணுங்க. வாயால் சொல்லு, நான் அடிக்கிறேன் என்றேன், முயன்று பார்த்தோம், வாயால சொன்னா பேச்சாத்தாங்க வருது, வசனம் விரல்லதான் வரும், என்றாள். ரொம்ப நேரம் மேஜையில் உட்கார முடியாது அவளால், சோபாவில் சாய்ந்து மடியில் வைத்துக்கொள்ளட்டும் என்று வயர் இல்லாத மெக்கானிக்கல் கீபோர்டு ஒன்று வாங்கினேன், நல்ல கனம், நல்ல கீ, பெட்டியைப் பிரித்து அவள் ஒரு கீயை அமுக்கினாள், டக். எனக்கு உடம்பு கூசிப்போனது. பாயில் எழுந்து உட்கார்ந்து கத்திய அந்த ஆள் மறுபடி அறைக்குள் வந்துவிட்டான். அவள் என்னமோ சொல்ல வாயெடுத்தாள், நான் கேட்கவில்லை, இரு தெய்வா, ஒரு வாரம் குடு, வெண்ணெய் மாதிரி ஆக்கித் தர்றேன் என்று பிடுங்கிக்கொண்டேன்.

ஆக்கினேன். பேட்டரி வயரைக் கழற்றி, மூடிகளைப் பிடுங்கி, சுவிட்ச் ஒவ்வொன்றாக உருவி, டக் என்கிற அந்த இடத்தில் தூரிகையால் அப்பு அப்பு என்று கிரீஸ் அப்பி, பலகைக்கு அடியில் ஃபோம் வெட்டிப் போட்டு, பின்பக்கம் டேப் ஒட்டி, எல்லாம் முடித்துத் தட்டிப் பார்த்தால் சத்தமே இல்லை, தலையணையில் விரல் பதிகிற மாதிரி இருந்தது, இருபத்திரண்டு வருஷத்துக்கான மன்னிப்பை மடியில் கொண்டுபோய் வைப்பதாக நினைத்து வைத்தேன், வாய்விட்டுக் கேட்டிருக்கலாம், அதற்கு நாக்கு எழவில்லை. ரொம்ப நல்லாருக்குங்க, என்றாள். நல்லாருக்கு என்றே பத்து நாள் சொன்னாள். நேற்று முன்தினம் காய் வாங்கித் திரும்பி வந்தேன், சோபாவில் கீபோர்டு மடியில், திரையில் ஒரு பெண்ணின் முகம் அப்படியே நிற்கிறது, இவள் அழுகிறாள், ஆஸ்பத்திரியில்கூட அழாதவள், திரையில் அவள் அடித்த ஒரு வரி, ஒரு எழுத்து விட்டுப்போய், ஒரு எழுத்து மூன்று தடவை விழுந்து. என்ன தெய்வா. புதன்கிழமை சேவியர்கிட்ட சொல்லிடறேங்க, என்னால ஆகல. ஏன், எது சரியில்ல. முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு மெதுவாகத்தான் சொன்னாள், நீங்க அவ்ளோ கஷ்டப்பட்டுப் பண்ணீங்க, அதான். எனக்கு விரல்ல தெரியலைங்க, அமுக்கினேனா இல்லையான்னே தெரியல, சத்தமும் இல்ல, ஒவ்வொரு எழுத்துக்கும் கீழ வரியப் பாக்க வேண்டியிருக்கு, வரியப் பாத்தா இவ வாய் போயிடுது. அன்னைக்கு முதல்ல ஒண்ணு அமுக்கினேன்ல, டக்குனு கேட்டுச்சு, அப்பாடா, காதாச்சும் இருக்கேன்னு நினைச்சேன், சொல்லலாம்னு வாயெடுத்தேன், நீங்கதான் பிடுங்கிட்டுப் போயிட்டீங்க.

நாற்பத்திரண்டு, நாற்பத்துமூன்று, ஸ்பிரிங்குகளை வெள்ளைத் துணியில் உருட்டுகிறேன், அறுபதில் இடுப்பு விட்டுப்போகிறது, எழுபதில் வெயில் மேஜையை விட்டு இறங்கித் தரைக்குப் போகிறது, ஃபோமைக் கிழித்து எறிந்தேன், டேப்பை உரித்தேன், கோடம்பாக்கத்து அறையில் அவள் முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கிறாள், ஈரத் தலை, அடிக்கிறாள், நான் பாயில் படுத்துக் கேட்கிறேன், கத்தாமல் கேட்கிறேன், எவ்வளவு நன்றாக இருந்திருக்கிறது அது, எழுபத்தொன்பது, எண்பது, கண்ணைத் துடைத்தால் ஸ்பிரிட் எரிகிறது. எண்பத்தேழையும் பூட்டி, மூடி மாட்டி, சோபாவுக்குக் கொண்டுபோனேன், அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை, வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள், திரையில் நின்றுபோயிருந்த பெண் பேச ஆரம்பித்தாள், தெய்வானையின் உதடு அசைந்தது, டக், நின்றது, டக் டக், மறுபடி நின்றது, இரண்டு கையும் ஒன்றையொன்று தேடிக்கொண்டு, தடுமாறி, பிறகு இடது, வலது, இடது, வலது, அந்த நடை வந்துவிட்டது, நொண்டுகிறது, ஆனால் அதே நடை. கண் உதட்டை விட்டு நகரவில்லை. திடீரென்று நிறுத்தினாள். ஏங்க, இந்த ‘ன’ மட்டும் கேக்கல, கிரீஸ் போகலபோல. குடு, இப்பவே பிரிச்சுடறேன், ரெண்டே நிமிஷம், என்று குனிந்து கையை நீட்டினேன், அவள் கீபோர்டை மார்போடு இழுத்துக்கொண்டாள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், ஐயோ, அப்புறம் பாத்துக்கலாம், மறைக்காதீங்க, தள்ளுங்க, இவ இப்ப அழப்போறா.

தள்ளிக்கொண்டேன். அடுத்த அறையில் போய்ப் படுத்தேன், கதவைச் சாத்தவில்லை.