ஒரு ஓட்டில் செத்தவன்

நிறுத்தனுக்கு ஒரு நாளைக்கு ஒரு தடவைதான் சக்தி. கையை நீட்டினால் ஓடுகிற எதுவும் நின்றுவிடும். பஸ், லாரி, அலை, எதுவானாலும். அதோடு சரி. மறுநாள் விடியும்வரை அவனும் காரைக்காலில் சும்மா திரிகிற இன்னொரு ஆள்.

நிறுத்தன் எங்கள் படக்கதையின் நாயகன். கதை எழுதுவது நான். வரைவது கதிரவன். வாரம் ஒரு அத்தியாயம், போனில் படிக்கிற மாதிரி பத்துப் படம். நான் இன்ஜினியரிங்கை மூன்றாம் வருஷத்தில் விட்டுவிட்டு, பெட்ரோல் பங்கில் இரவு ஷிப்ட் பார்க்கிறேன். கதிரவன் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு அச்சுக் கடையில் டிசைனர். யாரைக் காப்பாற்றலாம் என்பதைச் சில வாரம் வாசகர்களிடமே விட்டுவிடுவோம். வாட்ஸ்அப்பில் ஒரே ஒரு சொல் அனுப்ப வேண்டும். எண்ணுவது என் வேலை.

பத்தொன்பதாம் அத்தியாயத்தில் ஒருவன் குடித்துவிட்டு பைக்கில் போகிறான். எதிரே நெல் லாரி. நிறுத்தன் ரோட்டோரம் நிற்கிறான், அன்றைய சக்தி மிச்சம் இருக்கிறது. குடிகாரனின் முதுகை மட்டும் காட்டினோம். வாசகர்கள் அனுப்ப வேண்டிய சொல்: நிறுத்து, அல்லது விடு.

விடு 211, நிறுத்து 210 என்று அறிவித்தேன். அடுத்த அத்தியாயத்தில் நிறுத்தன் இரண்டு கைகளையும் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டான். செத்தவனின் முகம் கடைசிப் படத்தில் வந்தது.

அதுவரை எட்டிப் பார்க்காத கூட்டமெல்லாம் எங்கள் இணையப் பக்கத்துக்கு வந்து எழுதியது.

'குடும்பத்தக் குட்டிச்சுவராக்குறவனுக்கு இதான் சரி. நிறுத்தன் வாழ்க.'

'காப்பாத்துறவன்தான்டா ஹீரோ. இவன் வேடிக்கை பாக்குற பய.'

'எங்கேருந்தோ வந்து குடிச்சிட்டு எங்க ரோட்டுல விழுவானுவ, நாங்க கை நீட்டணுமா?'

'எங்க மாமா இப்படித்தான் போனாரு. எழுதுனவன் கையில புழு வைக்க.'

சண்டை நாலு நாள் ஓடியது. என் ஓட்டுதான் அந்த ஒன்று என்று முப்பது பேராவது பெருமையாக எழுதினார்கள். எனக்கு நன்றாகத்தான் இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை ஷிப்ட் முடிந்து கடைக்குப் போனேன். கதிரவன் எதிரே ஒரு அம்மா உட்கார்ந்திருந்தார். கையில் போன், அதில் எங்கள் கடைசிப் படம்.

"இவருதான் கதை எழுதுறவரு" என்று கதிரவன் என்னைக் காட்டினான். அவன் முகம் சரியில்லை.

"தலத்தெருவுலேருந்து வரேன் தம்பி. பேரு சலோமி. இது எங்க வீட்டுக்காரரு, சவரிநாதன். போன வருஷம் பைக்குல போயி செத்துட்டாரு. போஸ்டர் இந்தக் கடையிலதான் அடிச்சோம்."

"ஒரே மாதிரி முகம் இருக்கும்க்கா" என்றேன்.

"இருக்கும். ரெண்டு காதுலயும் மச்சம் இருக்குமா? அவருக்கு எடது காதுல மட்டுந்தான். ரெண்டு காதுலயும் மச்சத்தோட அவரு இருந்தது அந்தப் போஸ்டர்ல மட்டும்."

கதிரவன் தலையைக் குனிந்துகொண்டு சொன்னான். சாவுப் போஸ்டருக்கு ஆட்கள் கையில் கிடைத்த போட்டோவைக் கொண்டுவருவார்கள். அதில் தலையை மட்டும் வெட்டி, ரெடியாக இருக்கும் கோட்டு சூட்டின் மேல் ஒட்டுவது கடை வழக்கம். சவரிநாதனுக்குக் கிடைத்தது கல்யாண வீட்டு குரூப் போட்டோ. வலது காது தம்பியின் தோளுக்குப் பின்னால் மறைந்திருந்தது. அதனால் இடது காதையே திருப்பி ஒட்டிவிட்டான், மச்சத்தோடு. வெட்டிய தலைகள் எல்லாம் ஒரு ஃபோல்டரில் கிடந்தன. நிறுத்தனில் யாராவது சாகும்போது அதைத் திறந்து ஒரு தலையைப் பார்த்து வரைவான். செத்தவர்கள் கேட்க வரமாட்டார்கள் என்று நினைத்திருக்கிறான்.

"படத்த இப்பவே எடுத்துடுறோம்க்கா. வேணும்னு பண்ணல" என்றான்.

"வேணும்னு பண்ணுனீங்களான்னு நான் கேட்டேனா? அவரு குடிச்சிட்டுத்தான் போனாரு. அதுக்குச் சண்டை போட வரல." போனைக் கவிழ்த்து வைத்தார். "எம் பொண்ணு ஜூலியட்டு, பிளஸ் டூ படிக்கிறா. ஒங்க கதைய விடாம படிப்பா. 'விடு'ன்னு அனுப்பிருக்கா. அப்பறம் பாத்தா அப்பா முகம். ஒரே ஓட்டுலதான் போச்சாமே, அது இவ ஓட்டுதானாம். நாளன்னைக்கு அவருக்கு ஆண்டுப் பூசை. வரமாட்டேங்கிறா. கொன்னவ எப்படிம்மா கோயில்ல போயி முழங்கால் போடுறதுங்கிறா."

கடையில் பிரிண்டர் ஓடிக்கொண்டிருந்தது. அதில் வந்து விழுந்த தாள்களை அடுக்கினேன். அப்போதே உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும்.

"நீங்க வந்து ஒரு வார்த்தை சொல்லுங்க தம்பி. நான் சொன்னா கேக்கல."

அவர் போனதும் கதிரவனிடம் சொன்னேன். நிறுத்து 238, விடு 183. நிஜக் கணக்கு அதுதான். 211, 210 நான் போட்டது.

அவன் திரையின் பக்கம் திரும்பிக்கொண்டான். "எலக்சன்ல நில்லுடா. நல்லா வருவ."

மத்தியானம் தலத்தெருவுக்குப் போனேன். வாசல் படியில் உட்கார்ந்திருந்த பெண் எழுந்திருக்கவில்லை.

"நீங்கதான் எழுதுறவரா? தொப்பையும் கண்ணாடியுமா ஒரு ஆளுன்னு நெனச்சிருந்தேன்."

"ஒரு வருஷம் பொறு, தொப்பை வந்துடும்." அவள் சிரிக்கவில்லை. "ஜூலியட், ஒன் ஓட்டால எதுவும் நடக்கல. நிறுத்துதான் ஜெயிச்சுது. நான் மாத்திட்டேன்."

"எங்கம்மா சொல்லச் சொன்னாங்களா?"

போனைத் திறந்து நீட்டினேன். உள்ளே போய் ஒரு நோட்டை எடுத்துவந்து, ஒவ்வொரு செய்தியாகத் தள்ளிக் கோடு போட்டு எண்ண ஆரம்பித்தாள். முக்கால் மணி நேரம் ஆனது. நான் வெயிலில் நின்றேன். ஒரு இடத்தில் அவள் விரல் நின்றது. "இது நான்" என்று சொல்லி, அதற்கும் ஒரு கோடு போட்டாள்.

கணக்கு சரியாக வந்தது.

"எதுக்கண்ணே மாத்துனீங்க?"

"அவன் சாகணும்னு இருந்துச்சு எனக்கு. பங்குல தெனம் பாக்குறேன். போதையில ஸ்டாண்டு போட முடியாத ஆளு, புள்ளைய டேங்கு மேல ஒக்கார வச்சுக்கிட்டு வருவான். ஊத்து ஊத்துன்னு அதட்டுவான். நானும் ஊத்தி அனுப்புவேன்."

"அது சரி. அந்த ஒரு ஓட்டு எதுக்கு?"

"படிக்கிறவங்க பதறட்டும்னு."

"பதறுனேன்." நோட்டை மூடினாள். "முதுகு மட்டும் காட்டுனீங்கல்ல, அப்பவே எனக்கு எங்கப்பா நெனப்புதான். அவர நெனச்சுத்தான் விடுன்னு போட்டேன். ஒங்க கணக்கு மாறுனா அது மாறுமா?"

"மாறாது."

"ம்." போனைத் திருப்பி என்னிடம் நீட்டினாள். "நெசக் கணக்க எல்லாருக்கும் போடுங்க. எங்கிட்ட மட்டும் சொல்லிட்டுப் போனா எப்படி? என் ஓட்டுதான்னு இன்னும் எத்தன பேரு சொல்லிக்கிட்டுத் திரியிறாங்க."

அன்று மாலையே போட்டேன். முகத்தையும் எடுத்தோம், யாருடைய முகம் என்று சொல்லாமல். நாலு நாளாக அடித்துக்கொண்ட இரண்டு கட்சியும் முதல் தடவையாக ஒன்றுசேர்ந்து என்னைத் திட்டின. நிறுத்தனை வாழ்த்தியவர்கள் பயந்தாங்கொள்ளி என்றார்கள். அவனைக் கொலைகாரன் என்றவர்கள் என்னைக் கொலைகாரன் என்றார்கள். சரியான ஆளைப் பிடித்துவிட்டார்கள். இருபத்தொன்றாம் அத்தியாயத்துக்குக் கதை இருந்தது. கதிரவன் வரைய மாட்டேன் என்றுவிட்டான்.

சனிக்கிழமை காலை கடையில் ஜூலியட் இருந்தாள். கதிரவன் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். முதலாம் ஆண்டு நினைவஞ்சலி. பழைய போஸ்டரின் அதே தலை, அதே கோட்டு.

"அந்த வலது காத எடுத்துடுங்க" என்றாள்.

"எடுத்தா அங்க ஓட்டையா இருக்கும்மா."

"ஒரிஜினல்ல என்ன இருக்கு?"

"ஒங்க சித்தப்பா தோளு."

"அதையே வைங்க. கோட்டும் வேணாம். எங்கப்பா கோட்டுப் போட்டு நான் பாத்ததில்ல."

கதிரவன் குரூப் போட்டோவைத் திறந்து அப்படியே வெட்டினான். சவரிநாதன் சந்தனக் கலர் சட்டையில், ஒரு காது தெரிய, தம்பி தோளில் சாய்ந்து நின்றார். அன்றைக்கும் கொஞ்சம் குடித்திருப்பார் போல.

பிரிண்டர் ஓடியது. அவள் என் பக்கம் திரும்பினாள்.

"நாளைக்குப் பூசைக்கு முன்னாடி பாவசங்கீர்த்தனத்துக்குப் போகணும். சாமியார்ட்ட என்ன பாவம் பண்ணுனேன்னு சொல்றது? வாட்ஸ்அப்புல ஓட்டுப் போட்டேன்னா?"

"தெரியல."

"ஒங்களுக்கு அதெல்லாம் இல்லல்ல?"

"எங்க வீட்டுல கிடையாது."

"அப்ப நீங்க எங்க போயி சொல்லுவீங்க?"

போஸ்டர் வெளியே வந்து விழுந்தது. அவளே எடுத்தாள். மை காயவில்லை என்று கதிரவன் சொன்னதைக் காதில் வாங்காமல், மச்சம் இருந்த காதைக் கட்டைவிரலால் ஒருமுறை தொட்டுப் பார்த்தாள். விரலில் கறுப்பாக ஒட்டியது. பாவாடையில் துடைத்துக்கொண்டு, இன்னும் பத்து அடிக்கச் சொன்னாள்.