பூக்குழிக்காரரின் உள்ளங்கால்

ஜாஸ்லின் கருப்பையாவின் வலது கால் கட்டைவிரலில் ஊசி முனையால் குத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். அவர் ஜன்னல் வழியாகத் தெருவில் படகுத்துறைக்குப் போகும் வாழைத்தார் வண்டியை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்.

"எப்பம்மா குத்தப் போற?" என்றார்.

"ஆறு எடத்துல குத்தியாச்சு ஊலே," என்றாள், மாமாவைப் பர்மியர் கூப்பிடுகிற சொல்லால்.

பக்கத்து வீட்டுப் பெண். லான்மடாவில் ஒரு கிளினிக்கில் நர்ஸ் வேலை. சனிக்கிழமைகளில் வந்து புண்ணைக் கழுவிக் கட்டுப் போட்டுவிட்டு, அவர் மனைவி கனகாம்பாள் தருகிற டீயை ஆற்றாமலே குடித்துவிட்டு ஓடுவாள். அன்றைக்கு டீயைத் தொடவில்லை. விரல் செத்துவிட்டது, எடுத்துவிட்டால் கால் தப்பும், இந்த வருஷமும் பூக்குழியில் இறங்கினால் முழங்காலுக்குக் கீழே எதுவும் மிஞ்சாது என்று பர்மியமும் தமிழும் கலந்து சொன்னாள். சொல்லும்போது பார்வை அவர் மேல் இல்லை, கனகாம்பாள் மேல் இருந்தது. வீட்டில் யாரிடம் சொன்னால் காரியம் நடக்கும் என்று அவளுக்குத் தெரியும்.

க்யிம்யிண்டைங் பேட்டையில் கருப்பையாவைத் தெரியாத தமிழர் கிடையாது. பெயர் சொன்னால் சிலருக்குப் பிடிபடாது, பூக்குழிக்காரர் என்றால் பச்சைக் குழந்தைகூட வீட்டைக் காட்டும். நாற்பது தடவைக்கு மேல் நெருப்பில் இறங்கியிருக்கிறார். மற்றவர்கள் பல்லைக் கடித்துக்கொண்டு நாலே எட்டில் ஓடிக் கடப்பார்கள். இவர் மார்க்கெட்டுக்குக் கீரை வாங்கப் போகிறவர் மாதிரி நிதானமாக நடப்பார். நடுக்குழியில் நின்று அம்மனைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு மறுபடி நடந்த வருஷங்களும் உண்டு. கரையேறியதும் ஜனம் வந்து காலில் விழும். பர்மியர்கள்கூட வந்து தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள். அத்தனை பேர் தொட்டதும் பாதத்தின் மேல்பக்கத்தைத்தான். உள்ளங்காலை ஒருத்தரும் பார்த்ததில்லை.

பார்த்தவள் கனகாம்பாள் ஒருத்திதான், இப்போது கொஞ்ச நாளாக ஜாஸ்லினும். தீமிதி முடிந்ததும் பூக்குழிக்காரர் இருபது நாள் மௌன விரதம், யாரும் வீட்டுப் பக்கம் வரக்கூடாது என்று ஊருக்கு ஒரு விதி இருந்தது. அந்த விதியைச் செய்தது அம்மன் அல்ல, கனகாம்பாள். கொப்புளம் உடைந்து தோல் உரிந்து சீழ் வைத்து ஆறுவதற்கு இருபது நாள் ஆகும். அவருக்கு வலிக்காது. அவள் கதவைச் சாத்திக்கொண்டு துடைத்துக் கட்டுவாள்.

பத்தொன்பது வயதில் அவர் பட்டாளத்தில் சேர்ந்தார். அந்தக் காலத்தில் நம் ஆட்களையும் எடுத்தார்கள், ஒரு பர்மியப் பெயரை மட்டும் எழுதிக்கொள்ள வேண்டும். மலையடிவாரத்தில் ஒரு முகாம். ஒருநாள் ஒரு டாக்டர் வந்தார். நாற்பது பேரைப் பிரித்து நிறுத்தினார். தினமும் காலையில் சோற்றுக்கு முன்னால் ஆளுக்கு மூன்று மாத்திரை. சத்து மாத்திரை என்றார்கள். என்ன மாத்திரை என்று கேட்ட ஒருவனைப் பகல் முழுக்க வெயிலில் நிற்க வைத்தார்கள். அதற்குப் பிறகு யாரும் கேட்கவில்லை. தின்கிறாயா என்று யாரும் அவர்களைக் கேட்கவும் இல்லை. எட்டு மாதம். முதலில் கால்விரல் நுனி மரத்தது, பிறகு பாதம், பிறகு தரையே இல்லாமல் போயிற்று. பஞ்சு மேல் நடக்கிற மாதிரி. ஒருவனுக்குப் பொழுது சாய்ந்தால் கண் தெரியவில்லை. ஒருவன் காரணமில்லாமல் அழுதுகொண்டே இருந்தான். டாக்டர் எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதினார். ஒருநாள் டாக்டரும் இல்லை, நோட்டும் இல்லை. கருப்பையாவின் கையில் விடுவிப்புக் காகிதம் வந்தது. காரணம் என்ற இடத்தில் குடிப்பழக்கம் என்று எழுதியிருந்தது. கள்ளின் வாசனையைக்கூட அறியாத மனிதர் அவர்.

ஊருக்கு வந்தார். நடை தள்ளாடியது. காகிதமும் நடையும் ஒத்துப்போகவே, தெரு அதை நம்பிற்று. பெற்ற அப்பாவே நம்பினார். அதுதான் இன்றுவரை அவருக்கு ஆறாத புண். குடிகாரன் இறங்கினால் அம்மன் பொசுக்கிவிடுவாள் என்று ஒரு பேச்சு உண்டு. அந்த வருஷம் வீம்புக்குத்தான் இறங்கினார். புகை வந்தது, சூடு வரவில்லை. மறுநாள் குடிகாரன் சாமியாகிவிட்டான். பெண் தரமாட்டேன் என்றவர் தாம்பாளத்தோடு வந்து நின்றார். உண்மையைச் சொல்லியிருக்கலாம்தான். ஆனால் யாரிடம் சொல்வது? பட்டாளத்தைப் பற்றி வாயைத் திறந்தவன் வீடு திரும்பாத காலம் அது. இப்போது மட்டும் என்ன வாழ்கிறதாம்! அம்மன் அருள் என்று சொன்னால் யாரும் வந்து கதவைத் தட்டப் போவதில்லை. அப்படியே இருந்துவிட்டார்.

ஜாஸ்லின் போன கொஞ்ச நேரத்தில் ராணி வந்தாள். ஷ்வேப்யிதாவில் தையல் ஃபாக்டரியில் வேலை பார்க்கிறவள், நாற்பது வயதிருக்கும். போன வருஷம் கருப்பையாவுக்குப் பின்னாலேயே குழியில் இறங்கி, அவர் நடந்த மாதிரியே நிதானமாக நடக்கப் பார்த்தவள். பாதியில் சுருண்டு விழுந்தாள், தூக்கித்தான் வெளியே கொண்டுவந்தார்கள். மூன்று மாதம் வேலைக்குப் போக முடியவில்லை. விரதத்தில் ஏதோ குறை வைத்திருக்கிறாள் என்று கோயில் கமிட்டி முடிவு கட்டியது.

தேங்காயும் பழமும் வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள். "என்ன தப்பு பண்ணேன்னு நீங்கதாங்கையா சொல்லணும். ஒரு வேள சோறுதான் தின்னேன். வெறுந்தரையிலதான் படுத்தேன். ஃபாக்டரில ஒருத்தி முட்ட குடுத்தா, கையில வாங்கிட்டேன். திங்கல, திருப்பிக் குடுத்துட்டேன். அதுனாலயா?"

கருப்பையா காலை உள்ளிழுத்துக்கொண்டார். கூசிப்போனார். "ஓம்மேல ஒரு தப்பும் இல்லம்மா," என்றார். பெரிய மனிதர் பெருந்தன்மையாகச் சொல்கிறார் என்று அவள் எடுத்துக்கொண்டாள்.

"எங்கப்பா நல்ல சாவு சாகலைங்கையா. அவருக்காகத்தான் எறங்குறேன். இந்த வருஷம் பாருங்க, ஒங்களவிட மெதுவா நடப்பேன்," என்று சொல்லிக் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போனாள்.

அவள் செருப்பு மாட்டும்போது கனகாம்பாள் அந்தப் பாதங்களைப் பார்த்தாள். உருகி இறுகிய மெழுகு மாதிரி இருந்தன. இருந்தும், "நாளைக்குக் காப்புக் கட்டுறப்ப எல்லாத்தையும் சொல்லப் போறேன்," என்று அவர் ஆரம்பித்ததும் அவளுக்குத்தான் முதலில் கோபம் வந்தது.

"சொல்லி? நாப்பது வருஷமா ஊர ஏமாத்துனோம்னு கைதட்டுவாங்களா? ஒங்களப் புடிச்சிட்டுப் போனா நான் எங்கன்னு வந்து தேடுறது?"

"அந்தப் பொண்ணு என்னவிட மெதுவா நடக்கப் போறாளாம்டி."

அவள் அதே கோபத்தில் போய்க் கோயில் டிரஸ்டி சுரேந்திரனுக்குப் போன் போட்டாள்.

சுரேந்திரன் அரை மணியில் வந்தார். கெட்ட மனிதர் இல்லை. திருவிழா நடக்கவேண்டும், நடுவில் ஒரு வம்பு வரக்கூடாது, அவ்வளவுதான் அவருடைய கவலை. "கூட்டம் கூட அனுமதி வாங்க எத்தன வாசல்ல நின்னேன்னு ஒங்களுக்குத் தெரியாதாண்ணே? நாளைக்கு வார்டு ஆபீஸ் ஆளு வேற வர்றான், யாரு என்ன பேசுறான்னு எழுதிக்கிட்டுப் போக. ஒடம்பு முடியலன்னா விடுங்க. அம்மா ஒங்களுக்கு ஓய்வு குடுத்துட்டான்னு மைக்குல சொல்லிர்றேன். நாற்காலி போட்டு ஒக்காந்து ஆசீர்வாதம் பண்ணுங்க. காலும் தப்பிச்சிது, பேரும் நிக்கிது."

நல்ல யோசனைதான். கருப்பையாவுக்கே ஒரு நிமிஷம் ஆசையாக இருந்தது.

"ராணிக்கு என்ன சொல்லுவ?" என்றார்.

"எந்த ராணி?"

"அதான்," என்று சொல்லிவிட்டுக் கருப்பையா எழுந்து உள்ளே போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை கோயிலில் நல்ல கூட்டம். கரண்டு இல்லை, ஜெனரேட்டர் மூச்சிறைத்துக்கொண்டிருந்தது. காப்புக் கட்டிக்கொள்ள வந்தவர்கள் மஞ்சள் உடையில் வரிசையாக நின்றார்கள். வழக்கம்போல முதல் பெயர் பூக்குழிக்காரர். பூசாரி மஞ்சள் கயிற்றை எடுத்துக்கொண்டு காத்திருந்தார். கருப்பையா கையை நீட்டவில்லை. மண்டபத்துப் படியில், ஜனத்தைப் பார்த்தபடி உட்கார்ந்து, இரண்டு கால்களையும் நேராக நீட்டினார். பிறகு குனிந்து கட்டைப் பிரித்தார்.

இந்த ஊரில் ஒரு மனிதனுக்கு எதிரே உள்ளங்காலைக் காட்டினாலே அடிதடி வரும். சன்னிதி வாசலில், முந்நூறு பேர் முகத்துக்கு நேரே காட்டினால்? வரிசை அப்படியே பின்வாங்கியது. கறுத்த விரல், வெந்து வெந்து ஆறிய தோல், நடுவில் குழிப்புண். ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அண்ணே, கால மடக்குங்க! என்ன இது?" என்று சுரேந்திரன் பதறிக்கொண்டு ஓடிவந்தார்.

"மடக்க மாட்டேன். நல்லாப் பாருங்க எல்லாரும்." பூசாரியின் மைக் பக்கத்திலேயே இருந்ததால் ஒலிபெருக்கி அதைத் தெருவரைக்கும் கொண்டுபோயிற்று. "வருஷா வருஷம் எனக்கும் வெந்துச்சு. எனக்குத் தெரியல, அவ்வளவுதான். பட்டாளத்துல எட்டு மாசம் தெனம் மூணு மாத்திர குடுத்தாங்க. என்ன மாத்திரன்னு சொல்லல. எங்கள எலி மாதிரி வச்சு என்ன ஆகுதுன்னு எழுதிக்கிட்டாங்க. கால் செத்துப்போச்சு. குடிகாரன்னு காயிதம் குடுத்து அனுப்பிட்டாங்க. நான் குடிச்சதில்ல. நான் சாமியும் இல்ல. என்னப் பாத்து யாரும் மெதுவா நடக்காதீங்க. வெந்து போவீங்க."

பின்னாலிருந்து ஒரு கிழவர், "அப்ப ஆத்தா அருளு?" என்று கேட்டார். அதைக் கேட்கையில் அவருக்கு அழுகை வந்துவிட்டது.

"ஆத்தா இருக்கா. எங்கால்ல இல்ல."

சுரேந்திரன் மைக்கைப் பிடுங்கி அணைத்தார். அண்ணனுக்குச் சர்க்கரை ஏறிவிட்டது, மனசு சரியில்லை என்று சத்தம் போட்டுச் சொல்ல ஆரம்பித்தார். அப்போதுதான் பெண்கள் பக்கத்திலிருந்து கனகாம்பாள் வந்தாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, சந்தையில் எடைக்குச் சண்டை போடுகிற தோரணையில் வந்தாள்.

"அவரு மனசு சரியாத்தான் இருக்கு. மௌன விரதம்னு சொன்னது பூரா நான் சொன்ன பொய். இருவது நாளும் சீழு தொடச்சது இந்தக் கை. வேற யாருக்காவது ஏதாவது கேக்கணுமா?"

நேற்று அவ்வளவு பயந்தவள். கருப்பையா அவளை ஏறிட்டுப் பார்த்தார். திருமணமான நாளிலிருந்து இத்தனை பேர் நடுவில் அவள் இப்படிக் குரல் உயர்த்தி அவர் கேட்டதில்லை. அவருக்குச் சிரிப்பும் பெருமையுமாக வந்தது.

வார்டு ஆபீஸ் ஆள் தூணோரம் நின்று செல்போனைத் தூக்கிப் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டிருந்ததை அதற்குள் எல்லோரும் கவனித்துவிட்டார்கள். பட்டாளம் என்ற சொல் காதில் விழுந்த இடத்தில் தாங்கள் நின்றதாகவே இருக்கக்கூடாது என்று ஆண்கள் ஒவ்வொருவராக முகத்தைத் திருப்பிக்கொண்டு வாசல் பக்கம் நகர்ந்தார்கள். பிள்ளைகளை இழுத்துக்கொண்டு பெண்கள் போனார்கள். காப்பு வரிசை கரைந்தது. சிதறிய கூட்டத்துக்கு எதிர்ப்பக்கமாக ஒருத்தி மட்டும் முன்னால் வந்தாள். ராணி.

அவருக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து அந்தக் கால்களை வெகுநேரம் பார்த்தாள். திட்டப் போகிறாள் என்று நினைத்தார். திட்டினால் வாங்கிக்கொள்வது என்றிருந்தார்.

"எங்கப்பாவும் பட்டாளத்துல இருந்தவருதான்," என்றாள் மெதுவாக. "சோறு தின்னு முடிச்சதும் எங்கம்மா முன்னால வெறப்பா வந்து நிப்பாரு. வாய ஆன்னு தொறந்து, நாக்க மேல தூக்கிக் காட்டுவாரு. அம்மா பாத்துட்டேன்னு சொல்ற வரைக்கும் மூட மாட்டாரு. கிறுக்குன்னு நெனச்சோம். கடைசில கட்டிப் போட்டுட்டோம். அது என்னாதுங்கையா?"

அவர் பதில் சொல்ல நினைத்தார். அதற்குள் அவருடைய முதுகு தானாக நிமிர்ந்தது. வாய் அகலமாகத் திறந்துகொண்டது. நாக்கு மேலே ஏறி அண்ணத்தில் ஒட்டிக்கொண்டு நின்றது. மாத்திரை உள்ளே போய்விட்டதா என்று டார்ச் அடித்துப் பார்க்கிறவனுக்காக, நாற்பது பேர் வரிசையில் தினமும் காலையில் நின்ற நிலை. அவர் அதை மறந்துபோயிருந்தார், உடம்பு மறக்கவில்லை.

ராணி இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு, "அப்பா, அப்பா" என்று தேம்பினாள். கனகாம்பாள் அவள் முதுகில் கையை வைத்தாள்.

கருப்பையா வாயை மூடிக்கொண்டு தூணைப் பார்த்துத் திரும்பினார். வார்டு ஆபீஸ் ஆளின் கை இன்னும் உயர்ந்துதான் இருந்தது, ஆனால் அடுத்து என்ன செய்வதென்று அவனுக்கே பிடிபடவில்லை போலிருந்தது. கருப்பையா அவனைக் கைகாட்டி அழைத்து, கிட்ட வா, அங்கிருந்து எடுத்தால் சரியாக விழாது என்று பர்மியத்தில் சொன்னார். தன் பட்டாள எண்ணை ஒவ்வொரு இலக்கமாக இரண்டு தடவை சொன்னார். பட்டாளத்தில் எழுதிக்கொண்ட பர்மியப் பெயரைச் சொன்னார். அப்புறம் கருப்பையா என்றார்.

அவன் நகரவில்லை. நீட்டிய கால்களை மடக்காமல், போனின் கண்ணாடியை நேராகப் பார்த்தபடி, கருப்பையா வாயை ஆவென்று திறந்து நாக்கைத் தூக்கினார். பக்கத்தில் ராணி கண்ணைத் துடைத்துக்கொண்டு படியில் ஏறி உட்கார்ந்து, செருப்பில்லாத தன் இரண்டு கால்களையும் அவனை நோக்கி நீட்டினாள்.