இடது ஓரத்தில் மச்சாள்

மாமனாரின் எண்பதாவது பிறந்தநாளுக்கு எடுத்த குடும்பப் படத்தில் பதினொரு பேர். பத்துப் பேர் தெளிவு. இடது ஓரத்தில் நின்ற யோகமலர் மச்சாள் மட்டும் மங்கல். கமெராவில் டைமர் வைத்து, தானும் நின்று படம் எடுத்தது மருமகள் ஜெனோஜா. நோர்பரி வீட்டுக் குளியலறையை இருட்டறையாக்கி அதைப் பெரிதாக்கி அச்சிட்டதும் அவள்தான். மச்சாளுக்கு வேறு சாட்சி வேண்டுமா? "தான் பளிச்செண்டு நிக்கிறாள், என்னை வேணுமெண்டு அழிச்சுப்போட்டாள்" என்று கண்டவரிடமெல்லாம் சொல்லிவிட்டு, தம்பி வீட்டுப் பக்கம் வருவதையே நிறுத்திவிட்டாள். மூன்று மாதமாக அந்தத் தம்பி துஷாந்தன் மனைவி ஜெனோஜாவின் முகத்தைப் பார்க்காமல் சாப்பாட்டுக் கோப்பையைப் பார்த்தே பேசினான்.

ஜெனோஜா பழியை, நெகட்டிவைப் பெரிதாக்கும் என்லாஜரில் மாட்டியிருந்த மலிவு லென்ஸின் தலையில் போட்டாள். மூன்று கண்ணாடி லென்ஸ் ஓரங்களைக் கைவிட்டுவிடும், ஆறு கண்ணாடி என்றால் மூலைவரை தெளிவாக விழும் என்று படித்திருந்தாள். பழைய லென்ஸ் விற்கும் கஸ்பரைத் தேடி பார்க்கிங் என்ற ஊருக்குப் போனாள்.

அங்கே ஆறு கண்ணாடி லென்ஸை டோர்ச் வெளிச்சத்தில் பிடித்துப் பூஞ்சணம் தேடினாள். இல்லை. கீறல் தேடினாள். அதுவும் இல்லை. குறையே இல்லாத சாமானை இந்த மனுஷன் ஏன் விற்கிறார் என்ற சந்தேகம்தான் கூடியது. போதாக்குறைக்கு, அவள் கொண்டுபோன படத்தைப் பார்த்துவிட்டு அவர் ஒரு கதை சொன்னார்.

"பிள்ளை, கொண்டுபோய்ப் போட்டுப் பாருங்கோ. பிறகு நெகட்டிவை இடம் வலமாத் திருப்பி வையுங்கோ. மங்கலும் அந்த மனிசியோடையே போச்சுதெண்டால் லென்ஸிலை பிழையில்லை, படம் எடுக்கேக்கையே நடந்தது."

விற்க முதலே தப்பிக்க வழி தேடுகிறார் என்று, லென்ஸை வாங்கிக்கொண்டு ரயிலில் வரும்போதே முடிவுகட்டினாள்.

ஞாயிறு காலை அந்த லென்ஸை மாட்டி, குளியலறை யன்னலைக் கறுப்புத் துணியால் மூடினாள். சிவப்பு விளக்கில் படம் மெல்ல எழுந்தது. மூலைச் சுவரின் செங்கல்லைக்கூட எண்ணலாம் போலிருந்தது. மச்சாள் மட்டும் மங்கல். கஸ்பரை வாய்க்கு வந்தபடி திட்டினாள். அவரைப் பொய்யராக்கவென்றே நெகட்டிவைத் திருப்பி வைத்தாள். மச்சாள் வலப்பக்கம் வந்தாள், மங்கலும் கூடவே வந்தது.

அப்போதுதான் உற்றுப் பார்த்தாள். மச்சாளின் செருப்பு தெளிவு, சேலை மடிப்பும் தெளிவு. இடுப்புக்கு மேலேதான் ஆள் அசைந்திருந்தாள். அவள் கை ஜெனோஜாவின் முழங்கையைப் பிடித்திருந்தது. அன்று கமெராவில் டைமரைப் போட்டுவிட்டு ஜெனோஜா ஓடிவந்தபோது நிற்க இடமிருக்கவில்லை. யாரோ இழுத்து உள்ளே விட்டார்கள். யாரென்று அவள் பார்க்கவேயில்லை. இப்போது வெட்கமாக இருந்தது.

ஈரம் காய்ந்ததும் படத்தோடு லூயிஷாமில் மச்சாள் வீட்டுக்குப் போனாள். மச்சாள் கதவைப் பாதி திறந்தபடி படத்தை வாங்கி முதலில் தன் முகத்தைத் தேடினாள்.

"இப்பவும் மங்கலாத்தான் விட்டிருக்கிறாய்."

"எனக்கு இடம் விடத்தான் அசைஞ்சிருக்கிறியள், மச்சாள்." ஜெனோஜா அந்தக் கையைத் தொட்டுக் காட்டினாள்.

மச்சாள் நம்பாமல் படத்தை வெளிச்சத்துக்குத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு எரிச்சலோடு கதவை முழுதாகத் திறந்தாள்.

"பின்னை என்ன, நீ படத்துக்கு வெளியிலையோ நிக்கிறது?"