பதினொன்றே முக்கால்

என் அப்பா சிங்கராயருக்கு இங்கிலீஷ் படிக்க வராது. தமிழும் தினத்தாள் தலைப்பு வரைக்கும்தான். பேராவூரணிப் பக்கம் தோப்பு தோப்பாகத் தேங்காய் உரிக்கப் போகிறவருக்கு அது போதும் என்பார். ஆனால் வீட்டு பைபிளுக்குள் ஒரு இங்கிலீஷ் சீட்டை இருபத்திரண்டு வருஷமாகப் பத்திரமாக வைத்திருக்கிறார். என் அம்மா சவரியம்மாள் என்னைப் பெற்ற அன்று நர்சிங் ஹோம்காரர்கள் எழுதிய சீட்டு. பெற்ற அன்றே அவள் செத்தும் போனாள். தஞ்சாவூருக்குக் கொண்டு போங்கள் என்று வேனில் ஏற்றியபோது கூடவே கொடுத்துவிட்ட காகிதம், ஒரத்தநாடு தாண்டி உயிர் போனதும் உடம்போடு வீட்டுக்குத் திரும்பி வந்துவிட்டது.

அந்த வேனில் மலர்க்கொடி என்று ஒரு நர்ஸும் ஏறியிருந்தார். அம்மாவின் தலையை மடியில் வைத்துக்கொண்டு வந்தவர். அப்பா இந்தக் கதையை வருஷத்துக்கு ஒரு தரம் சொல்கிற ஆள் இல்லை, பல் விளக்கும்போதும் சொல்வார். "கூடப் பொறந்தவ மாதிரி அழுதாங்க பாப்பா. நீயும் அவங்க மாதிரி நர்ஸா வரணும்." எனக்குப் பல் முளைக்கும் முன்பே என் வேலை முடிவாகிவிட்டது. என்னைக் கேட்டிருந்தால் கம்ப்யூட்டர் என்று சொல்லியிருப்பேன். யாரும் கேட்கவில்லை.

நவம்பர் இரண்டு, கல்லறைத் திருநாள். பூவும் மெழுகுவர்த்தியுமாக நாங்கள் போகும்போது அம்மா கல்லறையில் ஏற்கெனவே நான்கு மெழுகுவர்த்திகள் எரிந்துகொண்டிருக்கும். ஒரே அளவில், ஒரே வரிசையில். கஜா புயலில் கல்லறைத் தோட்டத்து மரமெல்லாம் சாய்ந்து கிடந்ததே, அதற்கு அடுத்த வருஷமும் இருந்தன. முதல் வருஷம் மலர்க்கொடி சிஸ்டர் வாசலில் எதிர்ப்பட்டு, பேசாமல் கும்பிட்டுவிட்டுப் போனாராம். அதற்குப் பிறகு அப்பா கண்ணில் பட்டதில்லை.

"நம்ம வேதம்கூட இல்ல, ஆனா மறக்கல பாரு" என்பார் அப்பா. "நாலு திசைக்கும் ஒண்ணு வச்சிருக்காங்க."

நானும் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன், நர்சிங் மூன்றாம் வருஷம் பிரசவப் பாடம் நடத்தும் வரைக்கும். பிள்ளை பிறந்த பிறகு முதல் ஒரு மணி நேரம்தான் தாய்க்கு ஆபத்தான நேரம். கால் மணிக்கு ஒரு தரம் அடிவயிற்றில் கை வைத்துக் கருப்பை இறுகியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். துணியை விலக்கி ரத்தம் எவ்வளவு போகிறது என்று பார்க்க வேண்டும். பார்த்ததை நேரம் போட்டு எழுத வேண்டும். தளர்ந்த கருப்பை சத்தம் போடாது. நாம் அந்தப் பக்கம் திரும்பியிருக்கும்போது எல்லாம் முடிந்துவிடும்.

அந்த வருஷப் பொங்கல் லீவில், அப்பா தோப்புக்குப் போயிருந்த ஒரு மத்தியானம், பைபிளைத் திறந்து சீட்டை எடுத்தேன். பிரசவம் பத்து நாற்பதுக்கு, பெண் குழந்தை, இரண்டு கிலோ எண்ணூறு. அதுதான் நான். கீழே நான்கு வரிகள். பதினொன்று, பதினொன்றே கால், பதினொன்றரை, பதினொன்றே முக்கால். நான்கிலும் ஒரே வாசகம்: கருப்பை இறுகியுள்ளது, ரத்தப்போக்கு சாதாரணம். ஒரே பேனா, ஒரே சாய்வு. கையெழுத்தும் அழகு. அடியில் மலர்க்கொடி என்று பெயர்.

சீட்டைத் திருப்பினேன். பின்பக்கம் டாக்டர் கிறுக்கலாக எழுதியிருந்தார். அதிக ரத்தப்போக்கு, நாடி கிடைக்கவில்லை, தஞ்சாவூருக்கு அனுப்பப்படுகிறது. நேரம் பதினொன்று இருபது.

பதினொன்று இருபதுக்கு வேனில் ஏற்றிய பெண்ணின் வயிற்றைப் பதினொன்றே முக்காலுக்கு யார் தொட்டுப் பார்த்தது? யாரும் பார்க்கவில்லை. நான்கையும் முன்கூட்டியே எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். சீட்டில் அம்மா நன்றாக இருந்தாள். கட்டிலில் செத்துக்கொண்டிருந்தாள்.

அப்பாவிடம் சொல்லவில்லை. அதற்குப் பிறகு நான் படித்த படிப்பு ஒரு படிப்பா? ஹாஸ்டல் சுவர்க் கடிகாரத்தில் பெரிய முள் மூன்றில் நின்றாலும் ஒன்பதில் நின்றாலும் யாரோ என்னைக் கூப்பிடுவது போல இருக்கும். அம்மா குரல் எனக்குத் தெரியாது. தெரியாததால் எந்தக் குரலும் அவளுடையதாக இருக்கலாம். பக்கத்து அறையில் வாளி கேட்டுக் கூப்பிட்டாலும் எனக்குத் தூக்கிவாரிப் போடும். கடைசிப் பரீட்சையில், பிரசவத்துக்குப் பிந்தைய முதல் மணி நேரத்தில் தாயைக் கவனிக்கும் முறையை எழுது என்று கேட்டிருந்தார்கள். மூன்று பக்கம் எழுதினேன்.

பாஸானேன். நர்சிங் கவுன்சிலில் பதிவு செய்து நம்பரும் வந்தது. அப்பா சர்ட்டிஃபிகேட்டை லேமினேட் போட்டு மாதா படத்துக்குப் பக்கத்தில் மாட்டினார். நான் மனசுக்குள் வேறு கணக்குப் போட்டிருந்தேன். இந்த வருஷம் கல்லறைத் திருநாளுக்கு மலர்க்கொடிக்கு முன்னால் போய் நிற்பது, சீட்டை முகத்துக்கு நேரே நீட்டுவது, கேட்க வேண்டியதைக் கேட்பது. பாத்ரூம் கண்ணாடி முன் நின்று திட்டிப் பழகினேன். நன்றாகத் திட்ட வந்தது. அப்பாவுக்குச் சொல்வதா வேண்டாமா என்பது மட்டும் எத்தனை பழகியும் பிடிபடவில்லை.

தஞ்சாவூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் பிரசவ வார்டில் வேலை கிடைத்தது. பதினெட்டாம் நாள் காலையில் மூன்று பேருக்கு ஒரே நேரத்தில் வலி. நர்ஸ்கள் இரண்டு பேர், நானும் அம்சம் அக்காவும். முதலில் தஹ்மீனா என்கிற பெண்ணுக்கு ஆண் குழந்தை பிறந்தது. அவளைத் துடைத்துப் படுக்க வைத்துவிட்டு நிமிர்வதற்குள் அடுத்த அறையிலிருந்து அம்சம் அக்கா கூப்பிட்டார்.

"அந்த நாலையும் போட்டுட்டு ஓடியா ஃபிளோரா. அப்பறம் எழுத உக்கார நேரம் இருக்காது."

அக்கா கெட்டவர் இல்லை. மதியம் தன் டிபன் பாக்ஸில் பாதியை எனக்குக் கொடுக்கிறவர். அவர் சொன்னதும் என் கை பேனாவை எடுத்தது. ஒன்பதே கால், ஒன்பதரை, ஒன்பதே முக்கால், பத்து. கருப்பை இறுகியுள்ளது, ரத்தப்போக்கு சாதாரணம். எழுதும்போது எனக்கு எதுவுமே தோன்றவில்லை. அம்மா நினைவுகூட வரவில்லை. சத்தியமாக வரவில்லை.

அடுத்த அறையில் பிள்ளையைத் துணியில் சுற்றிக்கொண்டே கடிகாரத்தைப் பார்த்தேன். பெரிய முள் ஒன்பதில் இருந்தது. பிள்ளையை அக்கா கையில் திணித்துவிட்டு ஓடினேன்.

தஹ்மீனா ரொட்டியைப் பாலில் நனைத்துத் தின்றுகொண்டிருந்தாள். "என்ன சிஸ்டர், ஓடி வர்றீங்க?" என்றாள்.

வயிற்றில் கை வைத்தேன். கருப்பை கல்லாக இறுகியிருந்தது. துணியை விலக்கிப் பார்த்தேன். சாதாரணம். நான் எழுதியிருந்த பொய் உண்மையாகியிருந்தது. அதுதான் என்னைப் பயமுறுத்தியது. மலர்க்கொடிக்கும் அம்மாவுக்கு முன்னால் நூறு பேருக்கு இப்படித்தான் உண்மையாகியிருக்கும். நான் எழுதியதை அடிக்கவும் இல்லை, யாரிடமும் சொல்லவும் இல்லை. சீட்டு ஃபைலுக்குப் போய்விட்டது. அதற்குப் பிறகு நான் யார் கட்டிலையும் விட்டு நகர்வதில்லை. ஆனால் அந்த நான்கு வரிகள் ஃபைலில் அப்படியேதான் இருக்கின்றன.

நவம்பர் இரண்டு, விடிந்த கையோடு கிளம்பினேன். சீட்டைப் பிளாஸ்டிக் உறைக்குள் போட்டுப் பையில் வைத்திருந்தேன். மழை தூறிக்கொண்டிருந்தது. கல்லறைக்கு முன்னால் ஒரு அம்மாள் குந்தியிருந்து, குடையைச் சாய்த்துப் பிடித்து மூன்றாவது மெழுகுவர்த்தியைப் பற்ற வைத்துக்கொண்டிருந்தார். தலை பாதி நரைத்திருந்தது. என்னைப் பார்த்ததும் கை நின்றது.

"ஃபிளோராதானே?"

நான் சீட்டை எடுத்து நீட்டினேன். வாங்கவில்லை. பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிட்டது.

"எப்ப எழுதுனீங்க இத?" என்றேன்.

"பத்து அம்பதுக்கு. நாலையும் ஒண்ணா. அடுத்த ரூம்ல ஒரு பொண்ணுக்குத் தலை தெரிஞ்சிருச்சும்மா. நான் ஒருத்திதான் இருந்தேன்." நான்காவது மெழுகுவர்த்தியைக் கையில் எடுத்தார். "அந்தப் புள்ள நல்லா இருக்கு. உன் வயசுதான்."

நான்காவதையும் பற்ற வைத்தார். நான்கு திசைக்கு இல்லை. வரிக்கு ஒன்று. அதுவும் அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"அப்பாகிட்ட சொல்லிட்டியா?"

"இல்ல."

"ஒவ்வொரு வருசமும் சொல்லிரணும்னுதான் வர்றேன். பத்த வச்சதும் பயந்துக்கிட்டுப் போயிடறேன்."

கண்ணாடி முன் பழகியதெல்லாம் நினைவில் இருந்தது. திட்ட ஆரம்பித்தால் அது நேராக என்னிடமே வந்து நிற்கும் போலிருந்தது. அதற்குள் வாசலில் மொபெட் சத்தம் கேட்டது. அப்பா செவ்வந்திப் பையோடு வந்தார். சிஸ்டரைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, செருப்பைக் கழற்றிவிட்டு ஈரத்தில் நடந்து வந்தார்.

"சிஸ்டர், எத்தன வருசமாச்சு. பாப்பாவப் பாத்தீங்களா? நர்ஸாயிட்டா. உங்கள மாதிரியே."

"என்ன மாதிரி வேணாங்க" என்றார் அவர்.

அப்பா அதைப் பணிவு என்று எடுத்துக்கொண்டு சிரித்தார். பிறகு என் கையிலிருந்ததைப் பார்த்தார்.

"அம்மா சீட்டா? இங்க ஏன் கொண்டாந்த?" என்றவர், ஏதோ நினைத்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினார். "யார்கிட்டயும் குடுத்துப் படிக்கச் சொல்ல மனசு வந்ததில்ல. இப்ப நீயே படிச்சிட்ட. என்ன பாப்பா எழுதியிருக்கு?"

படித்தேன். முன்பக்கத்தில் இருந்ததை மட்டும், அவருக்குப் புரிகிறபடி படித்தேன். "பதினொண்ணு, நல்லா இருக்காங்க. பதினொண்ணே கால், நல்லா இருக்காங்க. பதினொண்ணரை, நல்லா இருக்காங்க. பதினொண்ணே முக்கால், நல்லா இருக்காங்க."

அப்பா துண்டால் கண்ணைத் துடைத்தார். "கால் மணிக்கு ஒருக்கா பாத்துக்கிட்டேதான் இருந்திருக்காங்க. நான் வெளியில உக்காந்திருந்தேன் சிஸ்டர். கதவு சாத்தியிருந்துச்சு. உள்ள ஒத்தையில கெடந்து கூப்புட்டாளோ, கூப்புட்டாளோன்னு இத்தன வருசமும் காதுல கேட்டுக்கிட்டே இருக்கும். இப்பதான் நிம்மதியா இருக்கு."

அந்தக் குரல் எனக்கு மட்டும் கேட்கிறது என்று நினைத்திருந்தேன். வீட்டில் இரண்டு பேருக்கும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறது. நான் வாயை மூடிக்கொண்டு நின்றேன். இப்படியே நின்றால் போதும், மூன்று பேரும் நிம்மதியாக வீட்டுக்குப் போகலாம். தஹ்மீனாவின் சீட்டில் எழுதும்போதும் இதே மாதிரிதான் எனக்குள் எதுவும் பேசாமல் இருந்தது.

"இல்லங்க" என்றார் மலர்க்கொடி சிஸ்டர். "நான் பாக்கல."

அப்பாவுக்குப் புரியவில்லை. அவரைப் பார்த்தார், சீட்டைப் பார்த்தார், கடைசியில் படித்தவள் என்று என்னைப் பார்த்தார்.

"என்ன பாப்பா சொல்றாங்க?"

"உக்காருங்கப்பா" என்றேன். அம்மா கல்லறை விளிம்பில் ஈரத்தைக் கையால் துடைத்துவிட்டு அவரை உட்கார வைத்தேன். பிறகு, அம்மாவின் சீட்டைப் பற்றிச் சொல்வதற்கு முன்னால், தஹ்மீனாவின் சீட்டில் நான் எழுதியதைச் சொன்னேன்.