இருவேளை உரம்

குடமிளகாய்ச் செடியின் அடியிலை மஞ்சளானால் தழைச்சத்துக் குறைவு. நுனியிலை வெளுத்து நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் இரும்புச்சத்து. ஓரம் கருகினால் சாம்பல்சத்து. நான் எல்லாவற்றையும் மனப்பாடம் செய்துவிட்டேன். எங்கள் செடிகள்தான் பாடம் படிக்கவில்லை. அடியும் மஞ்சள், நுனியும் மஞ்சள், ஓரமெல்லாம் கருகல். செடி வளர்க்கும் பையில் மண் ஈரமாக இருக்கும்போதே வாடித் தொங்கின. எதைக் கொடுப்பது, எதை விடுவது?

நிழல்வலைக் கூடாரம் எனக்கும் என் கணவரின் அண்ணன் மனைவியான அக்காவுக்கும் பொதுக் குத்தகை. இந்தமுறையும் காய்க்காவிட்டால் வேறு ஆளுக்கு விட்டுவிடுவேன் என்று உரிமையாளர் கறாராகச் சொல்லிவிட்டார். அப்புறம் நான் தையல் ஆலைக்குத் திரும்பி, ஆயுளுக்கும் சட்டைக் காலர் வைக்க வேண்டியதுதான். நினைக்கவே பயமாக இருந்தது. இதை அக்காவோடு பேசலாமென்றால், அதற்கும் வழியில்லை. "உனக்குத் துணியைத் தவிர என்ன தெரியும்?" என்று அவர் கேட்ட நாளிலிருந்து எங்களுக்குள் பேச்சுவார்த்தை இல்லை. காலையில் நான், சாயங்காலம் அவர். சாவி மட்டும் ஆணியில் கைமாறும்.

அன்று காலையோடு உரம் தீர்ந்துபோனதால், சாயங்காலம் மறுபடி உரக்கடைக்குப் போனேன். கடைக்காரர் பொட்டலத்தை எடுத்தவர் தராமல் கையிலேயே வைத்துக்கொண்டார்.

"உங்களுக்கு எத்தனை கூடாரம்மா?"

"ஒண்ணுதான். ஏன்?"

"நீங்க எப்பவும் காலைல வாங்குறீங்க. சாயங்காலம் உங்க ஓரகத்தி வந்து இதையேதான் வாங்கிட்டுப் போறாங்க. அதான் கேட்டேன்."

வெறுங்கையோடு கூடாரத்துக்கு ஓடினேன். போய்ச் சேர்ந்தபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. அக்கா வாளியில் உரத்தைக் கரைத்துக் குச்சியால் கலக்கிக்கொண்டிருந்தார்.

"அக்கா, ஊத்தாதீங்க!"

நிமிர்ந்து என்னைப் பார்த்தார். யார் முதலில் பேசியது என்று அவர் கணக்கு வைப்பார் என நினைத்தேன். வைக்கவில்லை.

"ஏன், நீ போட்டியா?"

"தினமும் காலைல. அளவாத்தான்."

"நானும் அளவாத்தான்டி போட்டேன்."

இருவரும் அளவு தப்பவே இல்லை. எனக்குச் சிரிப்பு வந்ததா அழுகை வந்ததா என்று எனக்கே தெரியவில்லை. அக்கா ஒரு பையின் ஓரத்தைத் தடவினார். அங்கே பூத்திருந்த உர உப்பு விரலில் வெள்ளையாக ஒட்டியது.

"இப்போ என்னதான் போடறது?"

"ஒண்ணும் போட வேணாம்னு நினைக்கிறேன். வெறும் தண்ணி விட்டு அலசிப் பார்க்கலாம். வேர் இன்னும் உயிரோட இருக்கான்னுகூட எனக்குத் தெரியலக்கா."

அவர் குழாயைத் திறந்தார். நான் பை பையாக நீர் விட்டுக்கொண்டே போனேன். அடித்துளைகள் வழியே கலங்கல் நீர் வழிந்து எங்கள் கால்களை நனைத்தது. கடைசி வரிசையில் அக்கா ஒரு செடியின் முன் குனிந்தார். கருகிய இலைகளுக்கு நடுவே நகக்கண் அளவில் ஒரு துளிர்.

"பச்சையாத்தானே இருக்கு?"

எனக்கு மஞ்சளாகத்தான் தெரிந்தது.

"கொஞ்சம் தள்ளுங்க" என்று அவர் நின்ற பக்கம் போய், தோளோடு தோள் இடிக்கக் குனிந்து, மறுபடி பார்த்தேன்.