ஆறு நிலையங்கள்

"கால் பக்கம் வாங்க சார், கால் பக்கம்" என்று டிரைவர் இரண்டாம் முறை சொன்ன பிறகுதான் அவர் நகர்ந்தார். ஸ்ட்ரெச்சரின் முன்சக்கரம் ஆம்புலன்ஸின் விளிம்பில் இடித்து நின்றிருந்தது. இருவரும் தம் பிடித்து ஒரு தள்ளு தள்ளினார்கள். அவருடைய மனைவி சட்டென்று உள்ளே போய்விட்டாள். அவ்வளவு பலம் தேவைப்பட்டிருக்கவில்லை. மூன்று மாதத்தில் அவள் பாதி ஆளாகியிருந்தாள்.

காலையில் டாக்டர் சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டார். சிறுநீரகம் இரண்டும் போய் நாளாகிறது, இனி டயாலிசிஸை இதயம் தாங்காது, இன்றோ நாளையோ. அவள் தூங்குகிறாள் என்று நினைத்து அவர்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். அவள் கண்ணைத் திறந்து, "அப்ப வீட்டுக்குப் போயிரலாங்க. இந்த ட்யூப்லைட்டப் பாத்துக்கிட்டே என்னால சாக முடியாது" என்றாள். நர்ஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

டிரைவர் கதவைச் சாத்துமுன் அவரை மட்டும் ஓரமாகக் கூப்பிட்டார். நடுத்தர வயது, கரகரத்த குரல், சட்டைப் பையில் மடித்த படிவங்கள்.

"முன்னாடியே சொல்லிர்றேன் சார். தப்பா எடுத்துக்காதீங்க. வழியில ஏதாவது ஒண்ணு ஆயிருச்சுன்னா நான் வண்டியத் திருப்பியாகணும். வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது. திரும்ப இங்கதான், அப்புறம் பிணவறை, பேப்பரு, ரெண்டு நாள் இழுக்கும். என் வேலை சார் அது."

"புரியுது."

"பத்தொம்பது கிலோமீட்டரு. இந்நேரத்துக்கு ஒன்றரை மணி நேரம் ஆகும். சைரன் போட்டா மட்டும் எவன் வழி விடறான்?"

ஒன்றரை மணி நேரம். சுரங்க ரயில் வந்திருந்தால் இருபத்திரண்டு நிமிடம். இந்தக் கணக்கு அவருக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. முப்பத்துநான்கு வருடம் ரயில் திட்ட அலுவலகத்தில் படம் வரைந்தவர். இன்ஜினியர் இல்லை, இன்ஜினியர்கள் கிறுக்கிக் கொடுப்பதைக் கோடாக்குகிறவர். ஆனால் குடியிருப்பில் எல்லாருக்கும் அவர் 'மெட்ரோக்காரர்'தான். ஆஸ்பத்திரி வாசலில் இருக்கும் நிலையத்தோடு இன்றைக்கு ரயில் நின்றுவிடுகிறது. அதற்கு அப்பால் ஆறு நிலையங்கள் வர வேண்டும் என்று ஒரு நீட்டிப்புத் திட்டம் போட்டார்கள். அந்தப் படம் முதலில் வந்தது அவர் மேசைக்கு. ஆறாவது நிலையத்தின் படிக்கட்டை அவர்தான் வரைந்தார். வரைந்த கையோடு போய், அந்தப் படிக்கட்டு வரப்போகும் இடத்திலிருந்து நாற்பதடி தூரத்தில் ஒரு வீட்டை வாங்கினார். ஊருக்குத் தெரியுமுன் தனக்குத் தெரிந்துவிட்டது என்று அன்றைக்கு அவருக்கு இருந்த பெருமை கொஞ்சநஞ்சமல்ல.

வண்டி கிளம்பியது. முன்னாலிருந்த சின்னக் கண்ணாடி ஜன்னல் பாதி திறந்திருந்தது. அதன் வழியே டிரைவரின் பின்கழுத்து தெரிந்தது.

"எங்க இருக்கோம்?" என்றாள் அவள்.

"இப்பதானே ஏறினோம். மில் கேட் வருது."

"ஒண்ணாவது."

"ஆமா, ஒண்ணாவது."

ஆறும் அவளுக்கு மனப்பாடம். மில் கேட், மேம்பாலம், பால் பண்ணை, தண்ணீர்த் தொட்டி, கல்குவாரி, நம்ம தெரு. பத்தொன்பது வருடம் பேருந்து ஜன்னலிலிருந்து இந்த இடங்களை எண்ணிக்கொண்டு போனவள் அவள். நகரத்தின் நடுவில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பார்த்து அளவு சொல்லும் வேலை. விடியற்காலை ஐந்து பத்துக்கு முதல் பேருந்து, பிறகு இன்னொன்று, இரண்டேகால் மணி நேரம். வழியில் ஒதுங்க ஒரு இடம் கிடையாது. அதனால் காலையில் தண்ணீர் குடிப்பதை விட்டாள். திரும்பி வரும் பயணத்துக்காக மத்தியானத்துக்கு மேல் குடிப்பதையும் விட்டாள். "தொண்டைய நனைச்சுக்கறதோட சரி" என்று சிரிப்பாள். "உங்க ரயிலு வரட்டும், ஒரு குடம் குடிக்கறேன்."

அவளுடைய அண்ணன், அவள் வேலை பார்த்த கடைக்குப் பக்கத்திலேயே ஒரு வீடு பார்த்துச் சொன்னார். இதை விற்றுவிட்டு அங்கே வந்துவிடுங்கள் என்றார். அவளுக்கும் ஆசை. "இன்னும் மூணு வருஷம் பொறு" என்று இவர்தான் தடுத்தார். அப்போது அது பொய்யில்லை.

பொய்யானது பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால். ஒரு மத்தியானம் ஒற்றைத் தாளில் குறிப்பு வந்தது: பதினான்காம் படம் முதல் முப்பத்தொன்றாம் படம் வரை நீட்டிப்புப் பாதையை நீக்கவும். கைவிட்டோம் என்று ஊருக்கு யாரும் சொல்லவில்லை. தெருமுனையில் 'இங்கே நிலையம் வருகிறது' என்ற பலகைகூட அப்படியே நின்றது. அலுவலகத்தில் ஏழெட்டுப் பேருக்குத் தெரியும், அவ்வளவுதான். அவர் கணினியில் அந்தக் கோட்டைத் தேர்ந்தெடுத்து ஒரு பொத்தானை அழுத்தினார். ஆறு நிலையமும் போயிற்று. வீட்டுக்கு வந்தபோது அவள் வீங்கிய காலை வெந்நீரில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "என்ன சொல்றான் உங்க ரயிலு?" என்று கேட்டாள். இந்த நிலைமையில் எப்படிச் சொல்வது என்று மென்று விழுங்கி, "வேலை நடக்குது" என்றார். மறுநாளும் அவள் கால் வீங்கித்தான் இருந்தது. அதற்கடுத்த நாளும்.

ஒவ்வொரு வருடமும் புது வரைபடம் அச்சாகி வரும்போது ஒரு பிரதியை வீட்டுக்குக் கொண்டுவருவது அவர் வழக்கம். அந்த வருடத்திலிருந்து அவர் அலுவலகத்தில் எல்லாரும் போன பிறகு, அச்சில் இல்லாத அந்தப் பாதையை மைப்பேனாவால் புள்ளி புள்ளியாக வைத்து, நிலையப் பெயர்களையும் அச்செழுத்து மாதிரியே எழுதிக் கொண்டுவந்தார். பன்னிரண்டு வருடமும் சமையலறைச் சுவரில் அவர் வரைந்ததுதான் தொங்கியது. அவர் கைவண்ணத்தை யாரும் கண்டுபிடிக்கவில்லை. அவ்வளவு நன்றாக வரைவார்.

டாக்டர் முதல் தடவை கேட்ட கேள்வியே, "ஏம்மா, தண்ணி குடிக்கற பழக்கமே கிடையாதா?" என்பதுதான். அவள் அசடு வழியச் சிரித்தாள். அன்றிலிருந்து இன்றுவரை, மூன்று வருடமாக, இவளிடம் சொல்லிவிட வேண்டும், இவள் போவதற்குள் சொல்லிவிட வேண்டும் என்பதைத் தவிர அவர் வேறெதையும் பெரிதாக நினைத்ததில்லை. இனி நாள்கூட இல்லை. மணிக்கணக்குத்தான்.

மேம்பாலத்தின் அடியில் வண்டி நின்றுவிட்டது. முன்னால் லாரிகள். சைரன் அதுபாட்டுக்குக் கத்தியது.

"உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்" என்றார்.

அவள் கண்ணைத் திறந்தாள். மஞ்சள் பாய்ந்த கண்கள். ஆனால் பார்வை அவர் மேலேயே நேராக நின்றது. "சொல்லுங்க."

"காஸ் புக் பண்ணிட்டேன்."

"நல்லதாப் போச்சு" என்றாள். கண்ணை மூடிக்கொண்டாள்.

தன்னை ஓங்கி ஒரு அறை அறைந்துகொள்ள வேண்டும் போலிருந்தது அவருக்கு. கையை இருக்கைக்கு அடியில் அழுத்திக்கொண்டார்.

மகள் போன் செய்தாள். அன்றைக்குத்தான் வெளியூரிலிருந்து நேரே வந்து, வீட்டைத் திறந்து கூட்டிப் பெருக்கிக்கொண்டிருந்தாள். "எங்கப்பா வர்றீங்க? அம்மா பேசறாங்களா?" "பேசறா, பேசறா. பால் பண்ணைகிட்ட வந்துட்டோம்." "கட்டிலை ஜன்னல் பக்கம் தள்ளிப் போட்டிருக்கேன்னு சொல்லுங்க." சொன்னார். மனைவியின் உதடு லேசாக அசைந்தது.

"பால் பண்ணையா? மூணாவது."

"மூணாவது."

"உங்க ரயில்ல வந்திருந்தா இந்நேரம் காப்பி போட்டுக் குடிச்சு முடிச்சிருப்போம்." மூச்சு வாங்கியது. கொஞ்ச நேரம் கழித்து, "தண்ணி குடுங்க. இனிமே எவ்வளவு வேணா குடிக்கலாம்ல?" என்றாள்.

மூன்று வருடமாக, டாக்டர் சொன்ன கணக்குப்படி, ஒரு நாளைக்கு இரண்டு டம்ளர்தான் அவளுக்கு. அளந்து ஊற்றியவர் அவர். இப்போது பாட்டிலை அப்படியே அவள் வாயில் பிடித்தார். அவள் நாலு மிடறு குடித்தாள். பாதி கழுத்தில் வழிந்தது. "போதும்" என்றாள்.

அவர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துவிட்டார். பால் பண்ணைச் சுவர் முடிந்து, காலி மனைகள் வந்தன. துடைத்து முடித்துக் கைக்குட்டையை மடித்தபோது ஏதோ குறைவது போலிருந்தது. வாங்கிக்கொண்டிருந்த மூச்சின் சத்தம் இல்லை. குனிந்து பார்த்தார். மூக்கின் அருகே புறங்கையை வைத்தார். கழுத்தில் விரலை வைத்து, வண்டியின் குலுக்கலுக்கு நடுவே காத்திருந்தார். வண்டி மட்டும்தான் குலுங்கியது.

அவர் அழவில்லை. அழ நேரம் வரவில்லை.

"சார், அம்மா எப்பிடி இருக்காங்க?" என்று ஜன்னல் வழியே குரல் வந்தது.

"தூங்கறா."

"தூங்க விடாதீங்க சார். பேச்சுக் குடுத்துக்கிட்டே வாங்க. உங்க பேச்சு சத்தம் காதுல விழுந்தாத்தான் எனக்குத் தைரியமா ஓட்ட வரும்."

டிரைவர் எதையாவது கண்டுகொண்டால் அடுத்த திருப்பத்தில் வண்டி திரும்பிவிடும். மறுபடி ட்யூப்லைட், பிணவறை. அவள் கேட்டது ஒன்றே ஒன்று. அவர் போர்வையை அவள் கழுத்துவரை இழுத்துவிட்டு, தலையை ஜன்னலுக்குத் தெரியாதபடி தன் உடம்பால் மறைத்துக்கொண்டு உட்கார்ந்தார். தொண்டையைச் செருமினார்.

"இங்க பாரு, தூங்காத" என்றார் சத்தமாக. பிறகு என்ன பேசுவது என்று தெரியவில்லை. அவளிடம் சொல்வதற்கு அவரிடம் இருந்தது ஒன்றுதான்.

"உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்னேன்ல. காஸ் இல்ல." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அந்த ரயிலு வராதும்மா. பன்னெண்டு வருஷத்துக்கு முன்னாடியே அதை அழிச்சுட்டாங்க. அவங்க எங்க அழிச்சாங்க, நான்தான் அழிச்சேன், என் கையால. சுவத்துல இருக்கறது நான் வரைஞ்சது. வருஷா வருஷம் உக்காந்து வரைஞ்சேன்."

அவள் பதில் சொல்லும் அளவுக்கு நேரம் விட்டார். டிரைவர் கேட்டுக்கொண்டிருப்பாரே.

"ம்? ஆமா, எல்லாம் தெரிஞ்சேதான் செஞ்சேன். உங்கண்ணன் வீடு பாத்துச் சொன்னப்ப எனக்குத் தெரியாது. ஆனா அழிச்சதுக்கப்புறமும் ஏழு வருஷம் நீ பஸ்ஸுல போன. அப்பவே சொல்லியிருந்தா வித்துட்டுப் போயிருக்கலாம். நீ தண்ணி குடிச்சிருப்ப." மூச்சை இழுத்துவிட்டு, சத்தமாக, "கோவமா?" என்று கேட்டார். மறுபடி நேரம் விட்டார். "கோவப்படு. கோவப்பட்டுத்தான் ஆகணும்."

தண்ணீர்த் தொட்டி வந்தது. கல்குவாரி வந்தது. அவர் விடாமல் பேசினார். எந்தப் பேனா, எந்த மை, ஒரு தடவை புள்ளி கோணலாகப் போய்விட அவள் அதைப் பார்த்து 'ரயிலு வளையுதே' என்று கிண்டல் செய்தது, அப்போது அவருக்கு வியர்த்துப் போனது, எல்லாம். உயிரோடு இருந்தவளிடம் பன்னிரண்டு வருடம் ஒரு வார்த்தை வராத வாய், இப்போது மடைதிறந்த மாதிரி கொட்டியது. இவ்வளவு சுலபமா இது? இதற்கா பயந்தேன்? அந்தச் சுலபத்தைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. நடுநடுவே டிரைவருக்காக, "தண்ணி வேணுமா? இரு, இரு" என்று பாட்டிலைத் திறந்து மூடினார்.

நாற்பது நிமிடம் அப்படிப் போயிற்று.

வீட்டு வாசலில் டிரைவர் இரண்டு தரம் ஹாரன் அடித்துவிட்டு இறங்கி வந்து பின்கதவைத் திறந்தார். திறந்தவர் அவள் முகத்தைப் பார்த்தார், பிறகு இவரைப் பார்த்தார்.

"எப்ப சார்?"

"இப்பதான். தெருமுனை திரும்பறப்ப."

டிரைவர் போர்வைக்கு வெளியே நீண்டிருந்த பாதத்தைத் தொட்டார். தொட்ட கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டார். "சரி சார். வீட்டு வாசல்னு எழுதிக்கறேன்" என்று படிவத்தை எடுத்தார்.

அதற்குள் மகள் ஓடி வந்துவிட்டாள். 'தெருமுனை' அவள் காதில் விழுந்திருந்தது. அவள் கத்தவில்லை. "அம்மா" என்று ஒரே ஒரு தரம் கூப்பிட்டாள், பக்கத்து அறையில் இருப்பவளைக் கூப்பிடுவது போல.

மூவருமாகத் தூக்கிக் கொண்டுபோய் ஜன்னலோரக் கட்டிலில் படுக்கவைத்தார்கள். வெயில் அவள் காலருகே விழுந்தது. டிரைவர் கையெழுத்து வாங்கிக்கொண்டு, கும்பிட்டுவிட்டுப் போனார். வண்டிச் சத்தம் தெருவைத் தாண்டிப் போயிற்று.

"ஹாரன் கேட்டுச்சுப்பா" என்றாள் மகள்.

அவர் நிமிர்ந்தார்.

"அதுக்கு முன்னாடியே தெருவுல சைரன் கேட்டுச்சு. உடனே ஓடி வந்திருக்கணும். தலையணைக்கு உறை மாட்டிக்கிட்டிருந்தேன். அம்மாவுக்கு அழுக்கு உறைன்னா ஆகாதுல்ல. இந்த ஒண்ண மாட்டிட்டுப் போயிரலாம்னு நின்னுட்டேன். ஒரு நிமிஷம்ப்பா. ஒரே ஒரு நிமிஷம்." அவள் குரல் உடைந்தது. "தெருமுனைக்கு ஓடியிருந்தா என் மூஞ்சியப் பாத்துட்டாவது போயிருப்பாங்க. உறை மாட்டறதாப்பா முக்கியம்?"

சொல்லிவிடலாம். வண்டி போய்விட்டது; இனி யாரும் எங்கும் திரும்பப் போவதில்லை. 'பால் பண்ணைகிட்டயே போயிட்டாம்மா' என்று ஒரு வாக்கியம், அவ்வளவுதான் வேண்டும். அவர் வாயைத் திறந்தார். அடுத்து அவள் கேட்பாள்: அப்புறம் நாற்பது நிமிஷம் என்னப்பா பண்ணீங்க? என்ன பேசினீங்க?

அவள் கன்னமெல்லாம் நனைந்திருந்தது. இந்த நிலைமையில் எப்படிச் சொல்வது என்று நினைத்தார். கொஞ்சம் அழுது ஓயட்டும்.

"அழாதம்மா" என்றார்.

மகள் கட்டிலின் மறுபக்கத்தில் கிடந்த இன்னொரு தலையணையை எடுத்தாள். உறையின் ஓரம் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டிருந்தது. அதைக் கழற்றி, உதறி, நான்கு மூலையும் பொருந்தும்படி மறுபடி மாட்டத் தொடங்கினாள். அவர் எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.